ஊர் தம்மை என்ன நினைக்கிறது? சுயதொழில் செய்வோரின் கணிப்பும் அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையும்

சுயதொழில் தொடங்குவோருக்கான பயிற்சி வகுப்புகளில் கணக்கு எழுதுவது, விலை வைப்பது, கடனுக்கு விண்ணப்பிப்பது ஆகியவற்றோடு ஆளுமை குறித்த பயிற்சி ஒன்றும் சேர்ந்து வருவதுண்டு. பொறுமையானவர், கறாரானவர், சுறுசுறுப்பானவர், கூச்சமுள்ளவர் என்று குணச்சொற்கள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, தமக்குப் பொருந்துவனவற்றைக் குறிக்கச் சொல்வார்கள். அடுத்து, மற்றவர்கள் தம்மைப் பற்றி எவற்றைக் குறிப்பார்கள் என்று ஊகித்து எழுதச் சொல்வார்கள். அமெரிக்க உளவியலாளர்களான ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் ஆகிய இருவரும் 1955இல் வகுத்த ‘ஜோஹாரி சன்னல்’ என்ற முறையைத் தழுவிய பயிற்சி இது.

முதல் பகுதியை நிரப்புவதில் எவருக்கும் சிரமம் இருப்பதில்லை. இரண்டாவது பகுதிக்கு வரும்போதுதான், தண்டையார்பேட்டையில் தையல் கடை வைப்பதற்கும் ஊர் தன்னை என்ன நினைக்கிறது என்பதற்கும் என்ன தொடர்பு என்ற குழப்பம் எழுகிறது. தொடர்பு இருக்கிறது. ஆனால், ‘நல்ல பெயர் எடுத்தால் வியாபாரம் பெருகும்’ என்று வகுப்பில் சொல்லப்படும் தொடர்போடு அது முடிந்துவிடுவதில்லை. பிறர் என்ன நினைக்கிறார்கள் என்பதைவிட, என்ன நினைக்கிறார்கள் என்று தொழில் செய்பவர் நம்புகிறாரோ அதுதான் அவர் எங்கே கடன் கேட்கிறார், யாரிடம் பாக்கியை வசூலிக்கத் தயங்குகிறார், என்ன விலை சொல்கிறார் என்பவற்றைத் தீர்மானிக்கிறது.

மூன்று தனித்தனிச் செய்திகள்

ஒருவருடைய ஆளுமை பற்றிப் பேசும்போது மூன்று செய்திகள் அடிக்கடி ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன.

1. தற்பார்வை: தாம் எப்படிப்பட்டவர் என்று ஒருவர் எண்ணுவது.
2. பிறர் பார்வை: அவரோடு பழகுவோர் உண்மையிலேயே அவரைப் பற்றி எண்ணுவது.
3. பிறர் பார்வைக் கணிப்பு: மற்றவர்கள் தம்மை இப்படித்தான் எண்ணுகிறார்கள் என்று அவரே ஊகித்துக்கொள்வது.

பயிற்சித் தாளின் இரண்டாவது பகுதி கேட்பது மூன்றாவதை. இந்த மூன்றாவது செய்தி மனிதரின் தன்னுணர்வை உருவாக்குவதில் பெரும்பங்கு வகிக்கிறது என்ற கருத்தை 1902இலேயே அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி முன்வைத்தார். பிறர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம், அவர்கள் அதை எப்படி மதிப்பிடுவார்கள் என்று கற்பனை செய்கிறோம், அந்தக் கற்பனையிலிருந்து பெருமையோ கூச்சமோ அடைகிறோம் என்பது அவர் விளக்கம். முதலிரண்டு படிகளுமே கற்பனை என்பதைக் கவனிக்க வேண்டும்.

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தாம் பொறுமைசாலி என்பது அவருடைய எண்ணமாக இருக்கலாம். “அந்தக்கா கறாரு, ஆனா எடையில கை வைக்காது” என்பது தெருவாரின் எண்ணமாக இருக்கலாம். வாங்க வருபவர்கள் ஒவ்வொரு நாளும் பேரம் பேசுவதைப் பார்த்து, தம்மை ஏமாற்றுக்காரி என்று அவர்கள் நினைப்பதாக அவர் முடிவு செய்துகொள்ளலாம். பேரம் பேசுவது வாங்குபவரின் பழக்கமேயொழிய விற்பவரின் நாணயத்தின் மீதான தீர்ப்பு அல்ல. ஆயினும் தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது தீர்ப்பாகவே கேட்கிறது.

சுயதொழில் செய்வோர் என்போர் யாவர்?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2023-24இல் இந்தியாவில் வேலை செய்வோருள் 58.4 சதவீதத்தினர் சுயதொழில் செய்பவர்கள். வேளாண்மையும் இதில் அடக்கம். கணக்கெடுப்பு இவர்களை மூவகையாகப் பிரிக்கிறது: ஆள் வைக்காமல் சொந்தக் கணக்கில் உழைப்பவர்கள், ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர்கள், குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர்கள்.

மூன்றாவது வகையினர் நம் விவாதத்துக்கு முக்கியமானவர்கள். தெருமுனை நாஷ்டா கடையில் கணவர் பெயரில் உரிமம் இருக்கும். மாவு அரைத்து, இட்லி ஊற்றி, பார்சல் கட்டி, பாக்கி வைத்தவர்களை நினைவில் வைத்திருப்பவர் மனைவியாக இருப்பார். கடையின் குணம் என்று வாடிக்கையாளர்கள் அறிவது பெரும்பாலும் அவருடைய குணத்தையே. ஆனால் பயிற்சித் தாளை நிரப்புபவரும், கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவரும் கணவர். ஒருவரது கணிப்பு மற்றொருவர் ஈட்டிய பெயரின் மீது கட்டப்படுகிறது என்பதை எந்த வினாத்தாளும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆளுமையை எப்படி அளக்கிறார்கள்?

இன்றைய உளவியலில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல் ஐங்கூறு முறை எனப்படுவது. வெளிநோக்கு, இணக்கம், பொறுப்புணர்வு, மனக்கலக்கம், புதுமைக்குத் திறந்த மனம் என்பன அந்த ஐந்து. தொழில்முனைவோரையும் நிறுவனங்களில் பணிபுரியும் மேலாளர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் திரட்டி, ஹாவ் ஜாவ், ஸ்காட் சைபர்ட் ஆகியோர் 2006இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். தொழில்முனைவோரிடம் பொறுப்புணர்வும் திறந்த மனமும் மேலாளர்களைவிடக் கூடுதலாகவும், மனக்கலக்கமும் இணக்கமும் குறைவாகவும் இருந்தன. வெளிநோக்கில் வேறுபாடு தென்படவில்லை. வியாபாரிக்கு வாய் வேண்டும் என்று நம் ஊரில் சொல்லப்படும் நம்பிக்கைக்கு இந்தக் கடைசி முடிவு அவ்வளவாக ஆதரவு தரவில்லை.

இணக்கம் குறைவு என்றால் கெட்ட குணம் என்று பொருள் கொள்ளக் கூடாது. விலையில் இறங்கி வராமை, பாக்கியைக் கேட்டு வாங்குதல், தரம் குறைந்த சரக்கைத் திருப்பி அனுப்புதல் ஆகியவை எல்லாம் குறைந்த இணக்கத்தின் அடையாளங்களாகவே அளவுகோலில் பதிவாகும். தொழில் அவற்றைக் கேட்கிறது. தெருவோ கடைக்காரர் எல்லோருக்கும் அண்ணனாகவும் அக்காவாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. பிறர் பார்வை பற்றிய கவலை பெருமளவு இந்த இடைவெளியில்தான் முளைக்கிறது என்பது என் கருத்து.

கணிப்பு எங்கிருந்து வருகிறது?

பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரியுமா என்ற கேள்வியை டேவிட் கென்னி, பெல்லா டிபாலோ ஆகியோர் 1993இல் விரிவாக ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டவற்றுள் இரண்டு இங்கே தேவைப்படுகின்றன. பொதுவாக எல்லோரும் தம்மைப் பற்றி என்ன எண்ணுகிறார்கள் என்பதை மக்கள் ஓரளவு சரியாகவே அறிந்திருக்கிறார்கள். ஆனால் குறிப்பிட்ட ஒருவர் தம்மைத் தனிப்பட்ட முறையில் எப்படிப் பார்க்கிறார் என்பதை அறிவதில் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள். இரண்டாவதாக, கணிப்பின் மூலப்பொருள் எதிராளியின் முகமோ பேச்சோ அல்ல, பெரும்பகுதி தற்பார்வையே. தம்மைப் பொறுமையானவர் என்று எண்ணுபவர் மற்றவர்களும் அப்படியே எண்ணுவதாக நம்புகிறார். தம்மைத் திறமை குறைந்தவர் என்று எண்ணுபவர் எதிரில் நிற்கும் வாடிக்கையாளரின் கண்ணிலும் அதையே படிக்கிறார்.

இதன் பொருள் வியாபாரத்தில் நேரடியானது. ‘எங்கள் கடைக்கு நல்ல பெயர் உண்டு’ என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். ‘மூன்றாவது வீட்டு அம்மா என் மேல் கோபமாக இருக்கிறார், அதனால்தான் வருவதில்லை’ என்று அதே ஆள் சொன்னால் அதை அவ்வளவு எளிதில் ஏற்க வேண்டியதில்லை.

கணிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கும் சோதனைச் சான்றுகள் உண்டு. அவை பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடையே நடந்தவை. சந்தைக்கு அவற்றைப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் வேலை.

1. குவியொளி விளைவு. தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், கூச்சம் தரும் படம் போட்ட சட்டையை அணிந்து அறைக்குள் நுழைந்த மாணவர்கள், அங்கிருந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று ஊகித்தார்கள். கவனித்தவர்கள் சுமார் கால்வாசிப் பேர்தான். ஒரு நாள் கடை தாமதமாகத் திறந்ததையோ, ஒரு முறை சில்லறை தவறிக் கொடுத்ததையோ தெருவே பேசிக்கொண்டிருக்கும் என்று அஞ்சுபவர் இதே கணக்குப் பிழையைத்தான் செய்கிறார்.

2. உள்ளம் வெளியே தெரிகிறது என்ற மயக்கம். இதையும் அதே குழுவினர் 1998இல் காட்டினார்கள். நம் பதற்றமும் தடுமாற்றமும் எதிரில் இருப்பவருக்கு அப்பட்டமாகத் தெரிவதாக நாம் எண்ணுகிறோம், அவ்வளவு தெரிவதில்லை. வங்கி மேலாளர் முன் உட்காரும் ஆட்டோ ஓட்டுநருக்கு இது பொருந்தும்.

3. விருப்ப இடைவெளி. எரிக்கா பூத்பியும் மற்றவர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல்முறையாக உரையாடிய இருவரில் ஒவ்வொருவரும் மற்றவர் தம்மை விரும்பிய அளவைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ‘தவறுகள் நினைப்பதைவிடக் குறைவாகவே கவனிக்கப்படுகின்றன, நினைப்பதைவிடக் கூடுதலாக விரும்பப்படுகிறோம்’ என்ற திசையிலேயே சான்று நிற்கிறது.

திருத்துவோர் இல்லாத கணிப்பு

மாதச் சம்பளக்காரருக்கும் இதே சாய்வுகள் உண்டு. ஆனால் அவருக்கு ஆண்டு மதிப்பீடு உண்டு, மேலதிகாரி உண்டு, பக்கத்து நாற்காலிக்காரர் உண்டு. கணிப்பு தவறினால் எங்கோ ஓரிடத்தில் அது மோதித் திருந்துகிறது. சுயதொழில் செய்பவருக்கு இந்த மோதல் கிடைப்பதில்லை.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் செய்த ஒரு பாகுபாடு இங்கே உதவும். மனக்குறை கொண்டவருக்கு இரண்டு வழிகள் உள்ளன: விலகிச் செல்வது, அல்லது வாய் திறந்து சொல்வது. நிறுவனத்துக்குள் இருப்பவர் விலகுவது கடினம், ஆகவே சொல்கிறார். சந்தையிலோ விலகுவது மிக எளிது. அடுத்த கடை பத்தடி தூரத்தில் இருக்கிறது. எனவே குறை கண்டவர் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். கடைக்காரர் காண்பது வராமையை மட்டுமே. அது விலையால் நேர்ந்ததா, வீடு மாறியதால் நேர்ந்ததா, தம் பேச்சால் நேர்ந்ததா என்று அறிய வழியில்லாதபோது, அந்த வெற்றிடத்தைத் தற்பார்வையே நிரப்புகிறது. மனக்கலக்கம் உள்ளவர் ‘என்னால்தான்’ என்கிறார். தன்னம்பிக்கை மிகுந்தவர் ‘கிராக்கிக்குக் காசில்லை’ என்கிறார்.

இணையத்தில் கடைகளுக்கு நட்சத்திர மதிப்பெண் தரும் வழக்கம் இந்தக் குறையைத் தீர்த்துவிடும் என்று எண்ணத் தோன்றும். பெரிதும் மகிழ்ந்தவர்களும் பெரிதும் கொதித்தவர்களுமே அங்கே எழுதுகிறார்கள். நடுவில் நிற்கும் பெரும்பான்மை எழுதுவதில்லை. ஒற்றை நட்சத்திரம் ஒன்று வந்துவிட்டால் ஒரு மாதம் தூக்கம் கெடுபவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

வடசென்னைக்கு மட்டும் கூடுதலாக ஒரு சுமை

ஒருவர் தம்மைப் பற்றி ஊகிப்பது ஒருபுறம். தம் கூட்டத்தைப் பற்றி வெளியார் என்ன முத்திரை வைத்திருக்கிறார்கள் என்று ஊகித்து, அந்த முத்திரையை வைத்தே தம்மையும் பார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பது வேறு. இதனை ஜாக்கி வொராவரும் சகாக்களும் 1998இல் தனிக் கருத்தாக வகுத்தார்கள். 1999இல் எலிசபெத் பினல், முத்திரைக்கு உள்ளாவோம் என்ற எதிர்பார்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்றும், அது மிகுந்தவர்கள் முத்திரையைப் பொய்யாக்கக் கிடைக்கும் வாய்ப்புகளையே தவிர்த்துவிடுவதுண்டு என்றும் காட்டினார்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் என்று முகவரி எழுதும் ஒருவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்பகுதி என்றாலே அடிதடி, ரௌடி, கட்டப் பஞ்சாயத்து என்று காட்டும் வழக்கம் செய்தியிலும் திரையிலும் நெடுநாளாக இருந்து வருகிறது. முகவரியைக் கேட்டதும் கடன் தருவோரின் முகம் மாறுகிறது என்பதும் இப்பகுதி மக்களின் பழைய குறை. பேச்சு வழக்கு இன்னொரு அடையாளம். அண்ணா நகரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் வாடிக்கையாளரிடம் ஏசி பழுதுபார்ப்பவர் தம் இயல்பான பேச்சை விட்டுவிட்டு, தமக்கே பழகாத ஒரு தமிழில் தடுமாறிப் பேசுவது இந்தக் கணிப்பின் விளைவு. எதிர்முனையில் இருப்பவர் அந்தத் தடுமாற்றத்தை வேலை தெரியாமை என்று எடுத்துக்கொண்டால், தவிர்க்க நினைத்த அவப்பெயர் வேறொரு வடிவில் வந்து சேர்கிறது.

இந்தச் சுமை முன்பு இத்தனை கனமாக இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் வேலையின் அமைப்பிலேயே இருந்தது. பெரம்பூரின் பக்கிங்ஹாம்–கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டியே 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலையில் வேலை பார்ப்பவர் என்றால் மளிகைக் கடையில் மாதாந்திர அக்கவுண்ட் கிடைக்கும், பெண் கொடுப்பார்கள், வீட்டு உரிமையாளர் முன்பணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். அந்த ஆளின் குணத்துக்கு ஆலை ஜாமீன் நின்றது. 1996இல் பக்கிங்ஹாம்–கர்நாட்டிக் ஆலை மூடப்பட்டதோடு அந்த ஜாமீனும் போயிற்று. பெட்டிக்கடை வைத்தவரும் ஆட்டோ ஓட்டியவரும் தம் நாணயத்துக்குத் தாமே சாட்சியாக நிற்க வேண்டிய நிலைக்கு வந்தார்கள்.

கணிப்பு பணமாக மாறும் இடங்கள்

இதில் கடன்தான் பெரிய இடம். வடசென்னைச் சந்தைகளில் தண்டல் என்ற முறை பரவலாக இருக்கிறது. ஒரு வழக்கமான கணக்கு இது: 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் கையில் தருவார்கள், நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், கடன்வாங்கியவர் கையில் சராசரியாக நிற்பது ஏறத்தாழ 4,500 ரூபாய். அதற்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக் கணக்கில் 80 சதவீதத்தைத் தொடுகிறது.

சாலையோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020இல் தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 10,000 ரூபாய் வரை, ஓராண்டுத் தவணையில், ஈடு ஏதுமின்றித் தரப்பட்டது. ஒழுங்காகக் கட்டுவோருக்கு 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. தொகை ஒன்று, விலை வேறு. அப்படியிருந்தும் தண்டலை நாடுவதற்கு ஆவணம், அலைச்சல், அவசரம் என்று நியாயமான காரணங்கள் பல உள்ளன; அவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது: ‘பேங்கில் நம்மை நம்ப மாட்டார்கள்’ என்ற கணிப்பு. விண்ணப்பித்து மறுக்கப்பட்டவரின் அனுபவம் வேறு. விண்ணப்பிக்காமலேயே மறுப்பை எதிர்பார்த்துத் திரும்புபவர், தம்மை எவரும் மதிப்பிடுவதற்கு முன்பே, தம் கணிப்புக்காக அந்த வட்டி வேறுபாட்டைக் கட்டுகிறார். வங்கிப் பதிவே உருவாகாததால் அடுத்த முறை அவரை நம்புவதற்கு வங்கிக்கும் ஆதாரம் கிடைப்பதில்லை.

பாக்கி வசூல் இன்னொரு இடம். கேட்டால் கறார் என்று நினைப்பார்கள் என்பதால் கேட்காமல் விடப்படும் தொகை, சிறிய மளிகைக் கடையின் லாபத்தையே விழுங்கிவிடக்கூடும். வீட்டிலிருந்தபடி ஜாக்கெட் தைக்கும் பெண்கள் கூலியைக் குறைத்துச் சொல்வதிலும் இதே அச்சம் வேலை செய்கிறது.

ஆளுமை வினாத்தாளும் கடன் தகுதியும்

கடன் வரலாறு இல்லாதவரை மதிப்பிட ஆளுமை வினாத்தாளைப் பயன்படுத்தும் முறையும் உலகில் உண்டு. ஹார்வர்டில் 2006இல் தொடங்கிய ஆய்வு முயற்சி ஒன்றிலிருந்து அது வளர்ந்தது. பெரு நாட்டு வங்கி ஒன்றில் சோதித்தபோது, முன்வரலாறு இல்லாத சிறுதொழில் செய்வோருக்கும் இழப்பைக் கூட்டாமல் கடன் தர அது உதவியதாக ஆய்வாளர்கள் 2017இல் எழுதினார்கள். இத்தகைய தாள்களில் ‘சரியான’ விடையைத் தேடி எழுதுவது பயன் தராது. ஒரே குணத்தைப் பல கேள்விகளில் பலவிதமாகக் கேட்டு, விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது இவ்வகைத் தாள்களின் வழக்கம்.

பயிற்சித் தாளை எப்படிப் படிப்பது?

‘நான் இப்படி’, ‘மற்றவர்கள் என்னை இப்படி நினைக்கிறார்கள்’ என்ற இரு பகுதிகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், அதைத் தன்னறிவின் அடையாளம் என்று பயிற்சியாளர்கள் பாராட்டுவதுண்டு. அது பொருந்தாத பாராட்டு. இரண்டாவது பகுதி முதலாவதன் நகலாக இருப்பதுதான் இயல்பு என்று மேலே கண்டோம். இரண்டாவதைச் சோதிக்க, பிறரே நிரப்பும் மூன்றாவது பகுதி ஒன்று தேவை. ஜோஹாரி சன்னலின் மூல வடிவில் அது இருந்தது. அவசர வகுப்புகளில் விடுபட்டுப் போகிறது.

அதை நிரப்பச் சொல்லும்போதும் எதைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். சிமின் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதற்றம் போன்ற உள்ளார்ந்த குணங்களை ஒருவர் தாமே நன்கு அறிவார். அறிவுத்திறன் போன்ற, உயர்வு தாழ்வு தொடர்புடைய குணங்களைப் பழகியவர்களே மேலும் சரியாக மதிப்பிடுவார்கள். ஆகவே ‘நான் பயந்தவளா?’ என்று பிறரிடம் கேட்பதில் பயனில்லை. ‘என் தையல் எப்படி, சொன்ன நாளில் கொடுக்கிறேனா, கணக்கு சரியாக இருக்கிறதா?’ என்று கேட்கலாம்.

யாரிடம் கேட்பது என்பதில், குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் கடைசியில் வர வேண்டியவர்கள். சரக்கு போடும் மொத்த வியாபாரி, கடையில் முன்பு வேலை பார்த்துவிட்டுப் போனவர், வருவதை நிறுத்திய பிறகும் தெருவில் பார்த்தால் பேசும் பழைய வாடிக்கையாளர் ஆகியோர் முதலில் வர வேண்டியவர்கள். தினமும் வந்து கடை திறந்திருக்கிறதா என்று பார்த்து நூறு ரூபாய் வாங்கிச் செல்லும் தண்டல்காரரையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். அவர் ஈடு வாங்காமல் 9,000 ரூபாயைக் கொடுத்திருக்கிறார் என்றால், இந்த ஆள் கட்டுவார் என்று மதிப்பிட்டு அந்த மதிப்பீட்டின் மீது தம் பணத்தையும் வைத்திருக்கிறார். ‘என்னை யார் நம்புவார்கள்’ என்று தாளில் எழுதியவர் அந்த மதிப்பீட்டைப் படித்துப் பார்த்திருப்பாரா என்பது ஐயம்.